செலவாகாத டாலருக்கு ஒரு சிபாரிசு

நாணயம் சேர்ப்பவர்கள் மத்தியில் ஒரு சண்டை ரொம்ப நாளாக நடக்கிறது. பட்டிமன்றம் வைத்தால் இரண்டு நாள் ஓடும். கண்ணாடி மாதிரி முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் ‘ப்ரூஃப்’ நாணயத்தைச் சேர்க்கலாமா, கூடாதா? “கை மாறாத காசு ஒரு காசா? ஷோகேஸ் பொம்மை!” என்கிறது ஒரு கட்சி. “இன்னைக்கு வாங்கிப் போடு, நாளைக்குப் பத்து மடங்கு” என்கிறது இன்னொரு கட்சி. இரண்டும் சரியில்லை என்பது இந்தப் பதினெட்டு வயது டிப்ளமோக்காரனின் தாழ்மையான கருத்து. சேர்க்கலாம், ஆனால் ஒன்று போதும். அதையும் லாபத்துக்காகச் சேர்க்கக் கூடாது, அளவுகோலாகச் சேர்க்க வேண்டும்.

பொத்தாம் பொதுவாகப் பேசாமல் என்னிடம் இருக்கிற ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க வெள்ளி டாலர், 1986ஆம் ஆண்டு. சுதந்திர தேவி சிலைக்கு நூறு வயது ஆனதற்காக வெளியிட்டது. முன்பக்கத்தை வடிவமைத்தவர் ஜான் மெர்கான்டி. சிலை முன்னால் நிற்க, பின்னால் எல்லிஸ் தீவின் கட்டடம் தெரியும். 1892 முதல் 1954 வரை அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த ஒரு கோடியே இருபது லட்சம் பேர் மூட்டை முடிச்சோடு இறங்கிய இடம் அது. ஒவ்வொரு டாலர் நாணயம் விற்கும்போதும் அதில் ஏழு டாலர் அந்தச் சிலையையும் தீவையும் பழுது பார்க்கப் போனது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான் என்பதாலோ என்னவோ, முதல் காலடி வைத்தவர்களின் அந்தக் கட்டடத்தை எனக்குப் பிடித்துப்போயிற்று.

விடுமுறையில் லேத் பட்டறையில் வேலை பார்த்த சம்பளத்தில் வாங்கியது இது. அம்மா, “இந்த வெள்ளிக்குத் தங்கச்சிக்குக் கொலுசு எடுத்திருக்கலாமேடா” என்றார். நியாயமான கேள்வி, இன்னும் வீட்டில் முடியவில்லை. மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அப்பா கேட்டது வேறு: “இது அந்த ஊர்க் கடையில செல்லுமா?” செல்லும்ப்பா, ஆனா ஒரு டாலருக்குத்தான், உள்ளே இருக்கிற வெள்ளியே அதைவிடப் பல மடங்கு பெறும் என்றேன். “அப்புறம் எவன்டா செலவு பண்ணுவான்?” என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பொருளாதாரப் பாடத்தில் ஒரு பக்கம் அது!

முதலில் ‘பத்து மடங்கு’ கட்சிக்கு வருகிறேன். கண்ணாடிப் பளபளப்பு என்றாலே அபூர்வம் என்று நினைக்கிறோம். என் டாலரின் கணக்கைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ சாலையில் ‘எஸ்’ குறியோடு அடித்த ப்ரூஃப் டாலர்கள் 64 லட்சத்துக்கும் மேல். அதே வருடம், அதே படம், பிலடெல்பியாவில் ‘பி’ குறியோடு அடித்த சாதாரணப் பளபளப்பு டாலர்கள் சுமார் 7 லட்சத்து 23 ஆயிரம்தான். மங்கலான தம்பியைவிட மினுங்குகிற அண்ணன் ஒன்பது மடங்கு அதிகம்! ஆகவே, ‘ரேர் பீஸ் சார்’ என்று யாராவது பெட்டியைத் திறந்து காட்டினால், எத்தனை அடித்தார்கள் என்று முதலில் கேளுங்கள். வெள்ளி விலை ஏறினால் இதன் விலையும் ஏறும். அதற்கு வெள்ளிக் கட்டியே போதுமே.

சரி, அப்படியென்றால் எதற்கு வாங்கினாய் என்பீர்கள். வேலைப்பாட்டுக்கு! ‘ப்ரூஃப்’ என்ற சொல் அச்சகத்து ப்ரூஃப் மாதிரிதான் வந்தது. புது அச்சு சரியாக இருக்கிறதா என்று கவனமாக அடித்துப் பார்க்கும் முதல் பிரதி. (இந்த மலருக்கும் மூன்று முறை ப்ரூஃப் பார்த்தோம், அப்படியும் பிழை இருந்தால் என்னை அடிக்காதீர்கள்.) நம் மெக்கானிக்கல் நண்பர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாணயத்தில் மேடாக இருப்பது அச்சில் பள்ளம். நாணயத்தில் சமதளமாக இருப்பது அச்சில் மேல்பரப்பு. அந்த மேல்பரப்பை மட்டும் கண்ணாடியாகும் வரை பாலிஷ் போடுகிறார்கள். பள்ளத்தை மணல் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கி விடுகிறார்கள். அடிக்கப் போகும் வெள்ளி வில்லைக்கும் தனியாகப் பாலிஷ் உண்டு. புழக்கத்துக்கான காசுகள் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் கொட்டும். இதையோ ஒவ்வொன்றாக வைத்து, குறைந்த வேகத்தில், அதிக அழுத்தத்தில், குறைந்தது இரண்டு முறை அடிக்கிறார்கள். கண்ணாடித் தளம் வெளிச்சத்தை ஒரே திசையில் திருப்பிவிடுவதால், கொஞ்சம் சாய்த்தால் கறுப்பாகத் தெரியும். சொரசொரப்பான சிலை வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறவிட்டு வெள்ளையாக நிற்கும். சாயம் கிடையாது, பூச்சு கிடையாது, ஒரே வெள்ளிதான். சர்ஃபேஸ் பினிஷ் பற்றி நாம் படிக்கிறதெல்லாம் உள்ளங்கை அகலத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இதனால்தான் ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன். நம் வீடுகளில் வெள்ளிச் சாமான் கறுத்தால் திருநீறு போட்டுத் தேய்ப்போம். குங்குமச் சிமிழுக்கு அது சரி, ப்ரூஃப் நாணயத்துக்குக் கொலை! பனியன் துணியால் ஒரு தேய் தேய்த்தாலே கண்ணாடியில் மயிரிழைக் கோடுகள் விழும், பிறகு எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது. விரல் ரேகை பட்டால் நாளாவட்டத்தில் அந்த ரேகையே கறையாகப் பதிந்துவிடும். பிவிசி கவரிலும் போடாதீர்கள், அது சிதைந்து பச்சைப் பிசுக்கு ஏறும். கேப்ஸ்யூலோடு வந்தால் கேப்ஸ்யூலோடே இருக்கட்டும். கேப்ஸ்யூல் இல்லாமல் வாங்கினால் மட்டும், விளிம்பைப் பிடித்துச் சோதித்துக்கொள்ளலாம். குறுக்களவு 38.1 மில்லிமீட்டர், எடை 26.73 கிராம், 90 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. காந்தம் ஒட்டக் கூடாது. வெர்னியரின் தாடை முகத்தில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ‘ஷோகேஸ் பொம்மை’ கட்சி. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இந்த டாலர் ஒரு டீ கூட வாங்கித் தந்ததில்லை. ஆனால் மெட்ராலஜி லேபில் ஸ்லிப் கேஜ் பெட்டி இருக்கிறதே, அதை வைத்து யாராவது அன்றாடம் வேலை செய்கிறோமா? அது வேலை செய்யும் கருவிகள் சரியா என்று பார்க்க இருக்கிறது. என் பெட்டியில் இந்த டாலரின் வேலையும் அதுதான்.

பக்கத்தில் எதை வைத்திருக்கிறேன் தெரியுமா? அப்பத்தாவின் சுருக்குப்பையிலிருந்து வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய், 1919. ராஜாவின் மார்பில் தொங்கும் சங்கிலியில் ஒரு குட்டி யானை இருக்க வேண்டும். (1911இல் அந்த யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி அச்சையே திருத்தினார்கள்.) எங்கள் ரூபாயில் யானையும் இல்லை, பன்றியும் இல்லை, ஒரு மேடு மட்டும் இருக்கிறது. இத்தனை நாள் அதை ‘பழைய காசு, அப்படித்தான் இருக்கும்’ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டாலரின் எழுத்து ஓரங்கள் கத்தி மாதிரி நிற்பதைப் பார்த்த பிறகுதான், முழுதாக அடித்த வெள்ளி எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் புரிந்தது. புரிந்ததும், ரூபாயில் எது தேய்ந்து போனது என்று தேட ஆரம்பித்தேன். சாலையிலிருந்து வெளிவரும்போது 11.66 கிராம். லேப் தராசில் இப்போது 11.4. அந்தக் கால் கிராம் வெள்ளி எத்தனை சந்தையில், எத்தனை உள்ளங்கையில் போனதோ!

இந்த இரண்டுக்கும் இன்னொரு உறவும் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டு ஜனங்கள் நெருக்க, சர்க்கார் கஜானாவில் வெள்ளி வற்றியது. பிரிட்டன் அமெரிக்காவிடம் கை நீட்டியது. 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு, தன் கிடங்கில் மூட்டை மூட்டையாகக் கிடந்த வெள்ளி டாலர்களில் 27 கோடியை அமெரிக்கா உருக்கியது. அதில் ஏறக்குறைய 26 கோடி டாலரின் வெள்ளி இந்தியாவுக்காக விற்கப்பட்டு, நம் சாலைகளில் ரூபாயாக அடிபட்டது. அந்தப் பழைய டாலரின் எடையும் அளவும் என் 1986 டாலரின் எடையும் அளவும் ஒன்றே. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு டாலரின் வெள்ளியில் இரண்டேகால் ரூபாய் அடிக்கலாம். எந்த ரூபாயில் எந்த டாலர் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் 1919 என்று போட்ட அப்பத்தாவின் ரூபாய்க்குள் அமெரிக்க வெள்ளி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அடுத்த விடுமுறைச் சம்பளத்தில் இரண்டாவது கண்ணாடி டாலர் வாங்கப் போவதில்லை. கொலுசுக்குப் போக ஏதாவது மிஞ்சினால், 1918 உலையில் விழாமல் தப்பித்த பழைய மார்கன் டாலர் ஒன்று தேட வேண்டும். நன்றாகத் தேய்ந்ததாக, விலை குறைந்ததாக. இரண்டுக்கும் நடுவில் வைக்க இடம் விட்டிருக்கிறேன்.

— இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்