பேசாத பெண்ணும் விடியற்காலையும்

எந்த வகுப்பிலும் அதிகம் பேசாத பெண்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு நாம் சூட்டும் பெயர்கள் அழகானவை அல்ல: ஊமைக்கொட்டான், உம்மணாமூஞ்சி, வாயில்லாப்பூச்சி. ஆண்டு விழா ஒத்திகை என்றதும் இவர்கள் கடைசி வரிசைக்கு நகர்ந்துவிடுவார்கள். ஏதோ குறை இருக்கிறது என்று எண்ணி, பேச்சுப் போட்டியில் பெயரைச் சேர்த்துத் திருத்தப் பார்ப்பதும் வழக்கம்தான்.

குறை ஒன்றும் இல்லை. சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட நூலில் இந்த இயல்பை விரிவாக ஆராய்ந்தார். சிலருடைய மனம் வெளியுலகை நோக்கி ஓடுகிறது. சிலருடைய மனம் உள்நோக்கித் திரும்புகிறது. இரண்டும் இயற்கையே. காந்தியடிகள் சிறுவனாக இருந்தபோது, யாரும் பேச்சுக் கொடுத்துவிடக் கூடாதென்று பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடிவிடுவாராம். தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். நாடே அவர் பின்னால் வந்த காலத்திலும் திங்கட்கிழமைகளில் மௌனம் காத்தார்.

அமைதியான பெண்ணுக்குப் பஸ், வகுப்பு, விளையாட்டு மைதானம் என்று பகல் முழுவதும் கூட்டத்தின் நடுவேதான் கழிகிறது. அதைத் தாங்கும் தெம்பு அவளுக்குக் காலையில்தான் கிடைக்க வேண்டும். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். முந்தின மாலை ஊரே வீட்டு வாசலில் கூடியிருந்தது. மறுநாள் இருள் பிரியுமுன் ஆண்டவர் எழுந்து தனிமையான ஓரிடத்துக்குப் போய்ச் செபித்தார். அங்கேயும் சீமோனும் கூட்டாளிகளும் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள்! அவருக்கே அவ்வளவு நேரந்தான் கிடைத்தது. ஆனால் அதன்பின் அவர் ஒதுங்கிக் கிடக்கவில்லை. அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டார்.

நம் வடக்கனந்தலில் அப்படியொரு காலைக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. கல்வராயன் மலை கண்ணெதிரே நிற்கிறது. ஆனால் ஒலிபெருக்கி விடுவதில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி பொதுவாகக் கூடாதென்று 2000-ஆம் ஆண்டு முதல் விதி இருக்கிறது. கோயில், தேவாலயம், கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். வீட்டுக்குள்ளோ தொலைக்காட்சியும் கைப்பேசியும் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன.

இவற்றைவிடப் பெரிய தடை வேறொன்று. "சீக்கிரம் எழுந்து அமைதியாக உட்கார்ந்து படி, செபம் செய்" என்று மகளுக்குச் சொல்கிறோம். எழுந்தவுடனே வாசல் தெளிக்கவும், குடம் தூக்கவும், தம்பியைக் குளிக்க வைக்கவும், பாலைச் சொசைட்டிக்குக் கொண்டுபோகவும் அவளையே கூப்பிடுகிறோம். அண்ணன் போர்வைக்குள் இருக்கிறான். வேலை செய்யக் கூடாதென்று நாம் சொல்லவில்லை; கோலம் போடும் கால்மணி நேரம் பல பெண்களுக்கு நல்ல மௌனமாகவே அமைகிறது. ஐந்து வேலையும் ஒருத்தி தலையில் விழுவதுதான் அநியாயம். மார்த்தாள், மரியாள் கதையைச் சொல்லி மார்த்தாளைத்தான் எல்லாரும் குறை சொல்கிறார்கள். அந்த வீட்டில் லாசர் என்றொரு சகோதரரும் உண்டு; அன்று அவர் எங்கே போயிருந்தார் என்று லூக்கா எழுதவில்லை. அவர் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்திருந்தால் மார்த்தாளும் சற்றே உட்கார்ந்திருப்பாள் அல்லவா? வீட்டில் அம்மாவுக்கும் அப்படி உட்கார ஆசை இருக்கும். யாரும் கேட்பதில்லை.

ஆகவே பெற்றோரிடம் நாம் கேட்பது இதுதான். இரவே பையை அடுக்கி, சீருடையை மடித்து வைக்கப் பழக்குங்கள். காலை வேலையைப் பிள்ளைகள் எல்லாருக்கும், ஆண்பிள்ளைகளையும் சேர்த்துப் பங்கிடுங்கள். பேசாத மகளிடம் பள்ளிக்குப் புறப்படுமுன் கேள்விமேல் கேள்வி கேட்காதீர்கள். மாலையில் தானே வந்து சொல்வாள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இயல்பாகவே அமைதியானவள் வேறு. கலகலவென்று பேசிக்கொண்டிருந்து திடீரென வாயடைத்துப் போனவள் வேறு. பின்னவளைத் தனியே விடக் கூடாது. அருகில் அமர்ந்து, என்ன நடந்ததென்று பொறுமையாகக் கேட்க வேண்டும்.

துறவு மடங்களுக்கு இது புதிதல்ல. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலில் இரவுச் செபத்துக்குப் பின் யாரும் பேசலாகாது என்று விதித்தார். அந்த அளவு கண்டிப்பு பிள்ளைகளுக்கு வேண்டாம். ஆனால் பெண்கள் விடுதிகளில், எழுப்பும் மணியிலிருந்து காலைச் செபம் வரை யாரும் யாரையும் பேச வற்புறுத்துவதில்லை என்று ஓர் ஏற்பாடு செய்யலாம். அவசரமானால் கேட்கலாம், பதில் சொல்லலாம். வாயாடிப் பெண்களுக்கு முற்றத்துக் குழாயடியை விட்டுக்கொடுத்துவிடலாம். அவர்களுக்கும் காலை விடிகிறதே!