பியானோ ஒன்றே துணை

லண்டன் பாடகி அடேலைத் தெரியாத கல்லூரிப் பெண் உண்டா? 1988-ல் பிறந்த அவரைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவர் தாயார். 2008-ல் முதல் ஆல்பம் வெளிவந்தது. பெயர் '19'. பாட்டுகளை எழுதிய வயதுதான்!

பிறகு காதல் முறிந்தது. காதலருக்கு வேறொரு பெண்ணுடன் கல்யாணம் நிச்சயமாயிற்று. அந்தத் துக்கத்தில், டான் வில்ஸனுடன் சேர்ந்து, 'சம்ஒன் லைக் யூ' எழுதினார். சாபமல்ல, வாழ்த்தி விடைகொடுக்கும் பாட்டு.

2011 பிப்ரவரியில் பிரிட் விருது விழா. ஆட்டமில்லை, பக்கவாத்தியக் கூட்டமில்லை. ஒரே ஒரு பியானோ. பாடி முடிக்கையில் தொண்டை அடைத்தது, கண் கலங்கியது. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 47-வது இடத்தில் கிடந்த பாட்டு ஒரே தாவலில் முதலிடம் போயிற்று!

வாழ்த்தி அனுப்பியவள் தோற்றவள் என்று யார் சொன்னது?