கடற்கொள்ளையர் எவர்?

கொள்ளையடித்தவன் கையில் அரச முத்திரை இருந்தால் அவன் காவலன். கொள்ளை கொடுத்தவன் கையில் வாள் இருந்தால் அவன் கள்வன். பதினாறாம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலின்மீது பறங்கியர் எழுதிய முறைநூல் இதுவே. அம்முறைநூலை ஓதியவர்களே கோழிக்கோட்டுக் கடற்படைத் தலைவர்களாகிய குஞ்ஞாலி மரைக்காயர்களைக் ‘கடற்கொள்ளையர்’ என்று எழுதிவைத்தனர். அவ்வெழுத்தை ஆராயாது ஒப்புவிக்கும் வாய்கள் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆகலின், கொள்ளையர் எவர் என்பதை நிகழ்ச்சிகளைக் கொண்டே தீர்த்தல் வேண்டும்.

கி.பி. 1498-இல் வாசுகோ தகாமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தபொழுது இக்கடல் ஆளில்லாக் கடலாக இல்லை. அரபியரும் குசராத்தியரும் மலையாளரும் தமிழரும் பருவக்காற்றை நம்பிப் பாய் விரித்தனர். துறையை அடைந்தவர் அத்துறைக்குரிய அரசனுக்குச் சுங்கம் கட்டினர். ஆனால், நடுக்கடலில் செல்வதற்கே ஓர் அரசனிடம் சீட்டு வாங்கவேண்டும் என்னும் வழக்கம் இங்கு வேரூன்றியிருந்ததில்லை.

நான்காண்டு கழித்து, 1502-இல், அதே தகாமா போர்க்கலங்களுடன் மீண்டும் வந்தார். மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ‘மீரி’ என்னும் கலத்தை மலையாளக் கரையோரம் மறித்தார். கலத்திலிருந்தோர் உயிருக்கு ஈடாகப் பொருள் தருவதாக மன்றாடினர். தாய்மார் தம் குழந்தைகளைத் தூக்கிக் காட்டி இரங்க வேண்டினர். பொருளைப் பறித்துக்கொண்டபின் கலத்துக்குத் தீ மூட்டப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் எரிந்தும் மூழ்கியும் மாண்டனர். இது பகைவர் புனைந்த கதையன்று. அப்படையில் உடன்வந்த தோமே உலோப்பசு என்பாரே எழுதிவைத்த செய்தி. இதனைச் செய்தவர் காட்டில் மறைந்து வாழ்ந்த கள்வர் அல்லர். ஓர் அரசின் ஆணை பெற்று வந்த படைத்தலைவர்!

தீயால் தொடங்கியதைத் தாளால் நிலைநிறுத்தினர் பறங்கியர். ‘கர்த்தாசு’ என்னும் கடவுச்சீட்டே அத்தாள். கலத்தின் தலைவன் யார், அளவு என்ன, எங்கிருந்து எங்குச் செல்கிறது, ஏற்றியுள்ள படைக்கலங்கள் எவை என்பனவெல்லாம் அதில் எழுதப்பெறும். மிளகு முதலிய சில சரக்குகளை ஏற்றுதல் கூடாது. பறங்கியர் கோட்டை உள்ள துறையில் நின்று சுங்கம் கட்டியே செல்லல் வேண்டும். சீட்டு இல்லையெனில் கலமும் சரக்கும் பறங்கியர்க்கு உரியனவாகும். கோவாவை 1510-இலும், மலாக்காவை 1511-இலும், ஓர்முசை 1515-இலும் கைப்பற்றியபின் இக்கட்டுக்குள் அகப்படாத வணிகர் அரியராயினர். நிலத்தில் பேரரசராய் விளங்கிய அக்பரின் அத்தையார் குல்பதன், மக்காவுக்குக் கலமேறுமுன் இச்சீட்டை எதிர்நோக்கிச் சூரத்தில் நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது எனின், எளிய வணிகரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இதற்கு என்ன உரிமை என்று கேட்டால், போர்த்துக்கல் வேந்தர் மானுவேல் இந்தியாவின் வெற்றிக்கும் கடற்செலவுக்கும் வணிகத்துக்கும் தாமே தலைவர் எனப் பட்டம் சூடியிருந்ததைக் காட்டினர். கடல் யாவர்க்கும் பொது என்னும் முறை ஐரோப்பியக் கிறித்தவர்க்கே உரியது. பிறர்க்கு அன்று என்று வழக்குரைத்தார் அவர்தம் வரலாற்றாசிரியர் பாரோசு. திருடிய பொருளுக்குத் திருடனே பட்டா எழுதிக்கொண்ட கதை இது!

இக்கொடுமையை எதிர்த்து நின்றவர்கள் குஞ்ஞாலி மரைக்காயர்கள். சாமூதிரி மன்னரின் ஆணையின்கீழ்ச் சிறு கலங்களைக் கொண்டு பறங்கியரின் பெருங்கலங்களை அலைக்கழித்தனர். இப்போர் மலையாளக் கரையோடு நின்றுவிடவில்லை. சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னைக்குத் துணையாக இலங்கை நோக்கிச் சென்ற கோழிக்கோட்டுக் கப்பற்படை, 1538-இல் இராமநாதபுரக் கரையிலுள்ள வேதாளையில்தான் பறங்கியரிடம் தோற்றது. தோற்றும் துவளவில்லை, 1571-இல் சாலியத்துப் பறங்கிக் கோட்டை வீழ்ந்தது.

“குஞ்ஞாலிகளும் கலங்களைப் பற்றினரே” என்பார் உளர். பற்றினர், மறுப்பதற்கில்லை. ஆயின், வழிமறித்தலைக் கடலின் முறையாக்கியவன் எவன்? வீட்டுக்குள் புகுந்தவனை அடித்தவனும் அடித்தவனே, புகுந்து அடித்தவனும் அடித்தவனே என்று இருவரையும் ஒரே நிறைகோலில் வைப்பது நடுவுநிலை ஆகாது. அறிவு மயக்கமே ஆகும்.

இனி, நெஞ்சைச் சுடும் பகுதி. நான்காம் குஞ்ஞாலி தம்மைக் கடலுக்குத் தலைவர் என்று கூறிக்கொண்டார், சாமூதிரி சினந்தார். குஞ்ஞாலியின் செருக்கும் பிணக்குக்கு ஒரு கரணியமே. ஆனால், அப்பிணக்கைத் தீர்க்க மன்னர் நாடிய துணை எது? நூறாண்டுக் காலம் தம் துறைகளைச் சூறையாடிய அதே பறங்கியர்! 1599-இல் இருவரும் கூடித் தாக்கியும் குஞ்ஞாலியின் கோட்டை வீழவில்லை. 1600-இல் மீண்டும் சூழ்ந்தனர். உயிருக்கு உறுதி பெற்றுத் தம் வாளை மன்னரிடம் ஒப்படைத்தார் குஞ்ஞாலி. மன்னரின் கண்முன்னரே பறங்கியர் அவரைப் பற்றிச் சென்றனர். கோவாவில் அவர் தலை துணிக்கப்பட்டது. உப்பிட்ட அத்தலை கண்ணனூரில் கம்பத்தின்மேல் காட்சிக்கு வைக்கப்பட்டது. கடலைக் காக்கும் அரசின் செயல் என்று இதற்குப் பெயர்!

பின் நிகழ்ந்ததையும் காண்க. 1603-இல் போர்த்துக்கீசியக் கலம் ஒன்றை ஒல்லாந்தர் கவர்ந்தனர். அதனை முறையெனக் காட்ட எழுந்த வழக்குரையிலிருந்து கிளைத்ததே, கடல் யாவர்க்கும் பொது என்று குரோத்தியசு 1609-இல் வெளியிட்ட நூல். கடல் பொது என்ற அதே ஒல்லாந்தர், வலிமை பெற்றபின் தாமும் கடவுச்சீட்டு வழங்கத் தலைப்பட்டனர். வலியவன் கையில் முறையும் ஒரு படைக்கலமே என்பதற்கு வேறு சான்று எதற்கு?

விடுதலை பெற்ற இந்தியாவின் கடற்படை, மும்பையிலுள்ள தன் நிலையமொன்றுக்குக் குஞ்ஞாலியின் பெயரைச் சூட்டியது. பெயர் சூட்டினால் மட்டும் போதாது. பறங்கியர் சூட்டிய இழிபெயரை நூல்களினின்றும் நாவினின்றும் களைதல் வேண்டும். பகைவனின் கலத்துக்கு அஞ்சாத குஞ்ஞாலியை வீழ்த்தியது, பகைவனின் சொல்லைத் தன் சொல்லாக ஏற்ற உள்நாட்டு வாயே. அவ்வாய் திறந்திருக்கும்வரை எக்கோட்டையும் நிலையாது!