யார் அந்த நாலாவது ஆள்?

பிரிட்டனில் ஒரு டெலிவிஷன் நாடகம். ‘லைன் ஆஃப் டூட்டி’ என்று பெயர். கடமையைச் செய்கையில் என்று அர்த்தம். பி.பி.சி. ஸ்தாபனம் 2012-ல் அதைத் தொடங்கி ஆறு தொடர்கள் ஒளிபரப்பியது. போலீசுக்குள்ளேயே இருக்கும் லஞ்சப் பேர்வழிகளைப் பிடிப்பதற்கு ‘ஏ.சி. 12’ என்று ஒரு தனிப் பிரிவு. ஹேஸ்டிங்ஸ் என்ற பெரியவர் அதற்குத் தலைவர். ஆர்னட், பிளெமிங் என்ற இருவர் அவருக்குக் கை கொடுக்கும் அதிகாரிகள். கதை இவ்வளவுதான்.

2021 மே 2-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, ஆறாவது தொடரின் கடைசிப் பகுதி வந்தது. கொரோனாக் கட்டுப்பாடுகள் இன்னும் முழுதாக நீங்காத நேரம். மறுநாள் மே தின விடுமுறை. (மே முதல் தேதியில் விடுமுறை கொடுக்க அந்த நாட்டு ஆட்சியாளருக்கு மனம் வரவில்லை. முதல் திங்கட்கிழமை என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். அது வேறு கதை.) 1 கோடியே 28 லட்சம் பேர் அன்றிரவு பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

எதற்காக? ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரிந்துகொள்வதற்காக. போலீசுக்குள் ஒளிந்துகொண்டு, கொலைகாரக் கும்பலுக்கு உத்தரவு கொடுத்து வந்த அந்த நாலாவது ஆள் யார்? மூன்றாவது தொடரில் ஒரு துரோகப் போலீஸ்காரன் சாகும்போது விரலால் தட்டிவிட்டுப் போனான். அது ‘எச்’ என்ற எழுத்து என்றார்கள். பிறகு, எழுத்து அல்ல, நான்கு தட்டு, அதாவது நான்கு பேர் என்றார்கள். மூன்று பேர் அகப்பட்டார்கள். நாலாவது ஆள் யார் என்று ஜனங்கள் மண்டையைக் குழப்பிக்கொண்டார்கள். பத்திரிகைகள் பக்கம் பக்கமாக ஊகம் எழுதின. சூதாட்டக் கம்பெனிகள் பந்தயம் கட்டச் சொல்லிக் காசு பார்த்தன. போலீஸ் தலைமை அதிகாரியா? பெரிய மந்திரிக்கு வேண்டியவரா? கதாநாயகர் ஹேஸ்டிங்ஸேதானா?

கடைசியில் கண்ணாடி அறைக்குள் கொண்டுவந்து உட்கார வைக்கப்பட்டவர் யார் தெரியுமா? பக்கிள்ஸ்! முதல் தொடரிலிருந்தே வந்து போய்க்கொண்டிருந்த மந்தமான அதிகாரி. வேலை தெரியாதவர். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பதவி உயர்ந்தவர். ரகசிய உத்தரவுகளில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப எழுத்துப் பிழையோடு எழுதியதால் அகப்பட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது கூச்சல்! “இதற்காகவா இத்தனை வருஷம் காத்திருந்தோம்?” என்று ஜனங்கள் கொதித்தார்கள். நமத்துப் போன பட்டாசு என்றார்கள். அன்றிரவே சமூக வலைத்தளங்களில் வசை மழை பொழிந்தது. மற்றொரு கூட்டம் எதிர்வாதம் பேசியது. நிஜ வாழ்க்கையில் ஊழல் செய்கிறவன் கொம்பு முளைத்த அசுரனாக இருப்பதில்லை, சோம்பேறியும் பேராசைக்காரனும்தான் ஊழல் செய்கிறான், நாடகாசிரியர் ஜெட் மெர்க்யூரியோ உண்மையைத்தான் சொன்னார், ஜனங்களுக்குத்தான் புரியவில்லை என்று அந்தக் கூட்டம் கண்டித்தது.

ஆலையிலும் வயலிலும் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கூத்தால் என்ன வந்தது என்று சில தோழர்கள் கேட்கலாம். வந்திருக்கிறது. நமது முதுகில் விழுகிற லத்திக்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தம் உண்டு. இங்கே போலீசை அமைத்த 1859-ம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டமும், 1861-ம் ஆண்டு இந்தியச் சட்டமும் எந்தத் துரைமார்கள் எழுதியவை? அவர்களுடைய சொந்த வீட்டில் போலீஸ் எப்படி நடக்கிறது என்று பார்ப்பது வீண் வேலை அல்ல.

ஜனங்களின் கோபம் நியாயமானதே

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஏமாந்தோம் என்று கத்தினார்களே, அந்த ஜனங்களைக் கேலி செய்கிற மேதாவிகளோடு நாம் சேர மாட்டோம். களத்தில் நெல் அளக்கிறபோது கணக்குப்பிள்ளை மரக்காலில் தில்லுமுல்லு செய்தால், “கணக்குப்பிள்ளை கெட்டவன், மிராசுதாருக்கு ஒன்றும் தெரியாது” என்று எந்த விவசாயத் தொழிலாளியாவது நம்புவானா? குறைந்த நெல் யார் குதிருக்குப் போயிற்று என்றுதான் அவன் கேட்பான். பிரிட்டிஷ் ஜனங்களும் அதைத்தான் கேட்டார்கள். இத்தனை கொலைகளையும் மூடி மறைத்தல்களையும் இந்த மந்த புத்திக்காரன் ஒருவனா நடத்தினான்? இவனுக்கு யார் பதவி உயர்வு கொடுத்தது? இவன் மேஜையைத் தாண்டிப் போன காகிதங்களில் மேலே கையெழுத்துப் போட்டது யார்? நாடகத்திலேயே போலீஸ் தலைமை அதிகாரி ஆஸ்பர்ன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். ஏ.சி. 12-ன் பல் பிடுங்கப்பட்டுவிட்டது என்று கடைசியில் எழுத்துப் போட்டுக் காட்டிவிட்டு முடித்துவிட்டார்கள். ஜனங்கள் கோபிக்காமல் என்ன செய்வார்கள்?

ஆனால் அந்தக் கோபத்துக்குள் ஒரு ஓட்டை இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் எதிர்பார்த்தது ஒரு பெரிய தலை. அந்தத் தலையைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை. பக்கிள்ஸுக்குப் பதிலாக ஆஸ்பர்னையே விலங்கு மாட்டிக் கொண்டுபோயிருந்தால் கைதட்டியிருப்பார்கள், நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். மறுநாள் காலையில் அதே லத்தி, அதே குதிரை, அதே போலீஸ் ஸ்டேஷன்.

ஆங்கிலேயரிடம் ஒரு வழக்கு உண்டு. போலீஸ்காரன் ஒருவன் அக்கிரமம் செய்து மாட்டிக்கொண்டால், கூடையில் ஒரு ஆப்பிள் அழுகிவிட்டது என்பார்கள். அந்தப் பழமொழியின் மறுபாதியை மட்டும் சொல்ல மாட்டார்கள். அழுகின ஒன்று கூடை முழுவதையும் அழுக வைக்கும் என்பதே அது. நாம் இன்னும் ஒரு படி மேலே போய்க் கேட்கிறோம்: கூடை யாருடையது?

லஞ்சம் வாங்காத குற்றம்

இந்த நாடகம் போலீஸ் குற்றம் என்று எதைச் சொல்கிறது? லஞ்சம் வாங்குவது. கொள்ளைக் கும்பலோடு சேருவது. அதாவது, கடமையிலிருந்து தவறுவது. கடமையை ஒழுங்காகச் செய்தால் போலீஸ் நல்லது என்பது கதையின் அஸ்திவாரம்.

சரி, கடமையை ஒழுங்காகச் செய்த ஒரு நாளைப் பார்ப்போம்.

1984 ஜூன் 18. யார்க்ஷயர் பிரதேசத்தில் ஆர்கிரீவ் என்ற ஊர். அங்கே கல்கரி ஆலை ஒன்று இருந்தது. நிலக்கரிச் சுரங்கங்களை மூடப் போவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் அந்த ஆண்டு மார்ச்சிலிருந்து வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ஆலையிலிருந்து இரும்பாலைக்கு லாரிகளில் கல்கரி போவதைத் தடுக்க ஆயிரக்கணக்கில் மறியலுக்கு வந்தார்கள். எதிரே ஆயிரக்கணக்கில் போலீஸ். வெயில் நாள். பலர் பனியனோடும் சாதாரணச் சட்டையோடும் நின்றிருந்தார்கள். போலீஸ் வரிசை பிளந்தது, குதிரைப் படை பாய்ந்தது. பின்னாலேயே கேடயமும் லத்தியும் பிடித்த படை. ஓடியவனையும் அடித்தார்கள், விழுந்தவனையும் அடித்தார்கள்.

பிறகு 95 தொழிலாளர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். பெரும்பாலோர் மேல் கலகக் குற்றம்! ஆயுள் தண்டனை வரை கொடுக்கக்கூடிய குற்றம். 1985-ல் ஷெபீல்டு கோர்ட்டில் முதல் 15 பேர் மேல் விசாரணை நடந்தது. 48 நாளில் வழக்கு நொறுங்கி விழுந்தது. ஏன்? தனித்தனியாகப் பார்த்து எழுதியதாகச் சொல்லப்பட்ட போலீஸ்காரர்களின் வாக்குமூலங்களில் ஒரே வாக்கியங்கள் வரிக்கு வரி இருந்தன. மேலதிகாரிகள் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கீழே இருந்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல எழுதியிருக்கிறார்கள்! 1991-ல் தெற்கு யார்க்ஷயர் போலீஸ் 39 தொழிலாளருக்கு மொத்தம் 4,25,000 பவுன் கொடுத்துச் சரிக்கட்டியது. தவறு செய்தோம் என்று மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு போலீஸ்காரன் மீதும் வழக்கு இல்லை.

இங்கே நாலாவது ஆள் யார்? விரலால் தட்டிச் சொல்ல வேண்டிய ரகசியம் என்ன இருக்கிறது? யாரும் யாரிடமும் ஒரு பென்னி லஞ்சம் வாங்கவில்லை. முகமூடிக் கும்பல் உத்தரவு கொடுக்கவில்லை. சர்க்கார் சம்பளத்தோடு ஓவர்டைமும் வாங்கிக்கொண்டு, பட்டப்பகலில், கடமையைச் செய்தார்கள். பிரதம மந்திரி தாட்சர், போராடுகிற சுரங்கத் தொழிலாளரை உள்நாட்டு எதிரி என்றார். எஜமானியே எதிரியாக நினைக்கிறபோது குதிரைக்காரன் யோசிப்பானா? ஏ.சி. 12 போன்ற நூறு பிரிவுகள் இருந்தாலும் இந்தக் குற்றத்தை அவை கண்டுபிடித்திருக்காது. அவர்களுடைய புத்தகத்தில் இது குற்றமே அல்ல.

அன்று மாலை பி.பி.சி. செய்தியில் அந்தக் காட்சிகள் வந்தன. எப்படி வந்தன? தொழிலாளர்கள் கல் எறிவது முதலில், குதிரைகள் பாய்வது பின்னால்! வரிசை தலைகீழ். அவசரத்தில் நேர்ந்த பிழை என்று பிற்பாடு பி.பி.சி. சொல்லிக்கொண்டது. பக்கிள்ஸின் எழுத்துப் பிழையை ஆறு தொடர் ஓடி விரட்டிப் பிடித்த அதே பி.பி.சி.! தன்னுடைய இந்தப் பிழையைப் பற்றி எத்தனை தொடர் எடுத்திருக்கிறது? 2021-ல் ஒரு வீட்டுக்கு வருஷத்துக்கு 159 பவுன் என்று ஜனங்களிடம் கட்டணம் வசூலித்து நடக்கிற ஸ்தாபனம் அது. நாடகத்தைத் தயாரித்த கம்பெனியின் பெரும்பங்கையோ, தனியார் டெலிவிஷன் முதலாளியான ஐ.டி.வி. 2017-லேயே வாங்கிவிட்டது. போலீஸ் ஊழலும் நல்ல சரக்குத்தான், விற்றால் லாபம்.

இருபத்து நாலு நாள் கழித்து

ஆர்கிரீவ் நடந்து ஐந்து வருஷம் கழித்து, 1989 ஏப்ரல் 15-ல், அதே போலீசின் பொறுப்பில் ஷெபீல்டு ஹில்ஸ்பரோ மைதானத்தில் கால்பந்து பார்க்க வந்த லிவர்பூல் ஜனங்கள் நெரிசலில் நசுங்கினார்கள். இறந்தவர்கள் 97 பேர். குடித்துவிட்டு வந்த கூட்டம் தானே செய்துகொண்டது என்று போலீசும் முதலாளிப் பத்திரிகையும் பொய் பரப்பின. போலீஸ்காரர்களின் வாக்குமூலங்கள் 164 திருத்தப்பட்டன, அவற்றில் 116-ல் போலீசுக்குப் பாதகமான சொற்களை நீக்கினார்கள் என்று 2012-ல் சுயேச்சைக் குழு அம்பலப்படுத்தியது. ஆர்கிரீவில் எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? சட்ட விரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று 2016-ல் ஜூரி தீர்ப்புக் கூறியது.

வாக்குமூலங்களைத் திருத்தியதற்காக ஓய்வு பெற்ற இரண்டு அதிகாரிகள் மீதும் போலீஸ் தரப்பு வக்கீல் ஒருவர் மீதும் வழக்கு வந்தது. எப்போது முடிந்தது தெரியுமா? 2021 மே 26. நாடகத்தின் கடைசிப் பகுதி வந்து இருபத்து நாலாவது நாள்! திருத்தப்பட்ட வாக்குமூலங்கள் கோர்ட்டுக்குக் கொடுக்கப்பட்டவை அல்ல, சட்ட அந்தஸ்து இல்லாத ஒரு விசாரணைக் குழுவுக்குக் கொடுக்கப்பட்டவை, ஆகையால் நீதிக்குக் குந்தகம் விளைவித்ததாகாது என்றார் நீதிபதி. மூவரும் வீட்டுக்குப் போனார்கள். இதைவிட நமத்துப்போன முடிவு உண்டா?

அடுத்த மாதம் 15-ந் தேதி இன்னொன்று. 1987-ல் லண்டனில் ஒரு மதுக்கடையின் கார் நிறுத்தும் இடத்தில் டேனியல் மார்கன் என்ற தனியார் துப்பறிவாளர் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். பல தடவை போலீஸ் விசாரணை நடந்தும் ஒருவனும் தண்டிக்கப்படவில்லை. லண்டன் போலீஸ் ஸ்தாபனமே ஊழல் மயம் என்று சுயேச்சைக் குழு எழுதிக் கொடுத்தது. அந்தச் சொல்லை ஏற்க மாட்டேன் என்றார் போலீஸ் கமிஷனர். 1993-ல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற பதினெட்டு வயதுக் கறுப்பு இளைஞரை இனவெறியர் குத்திக் கொன்ற வழக்கிலும், ஸ்தாபனமே இனவெறி பிடித்தது என்று 1999-ல் மாக்பர்சன் அறிக்கை சொல்லியிருந்தது. நாடகத்தின் ஆறாவது தொடரில் லாரன்ஸ் கிறிஸ்டபர் என்ற ஒரு பாத்திரத்தை வைத்து இதை ஜாடையாகத் தொட்டிருக்கிறார் மெர்க்யூரியோ. தொட்டார் என்பதற்கு ஒரு சபாஷ் போடலாம். நாலாவது ஆளைத் தேடும் அவசரத்தில் அதைத் தாண்டி ஓடிவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மேதாவிகள் சொல்கிற பதில் ஏன் பொய் என்பது இப்போது விளங்கும். திறமையின்மையாம், சோம்பேறித்தனமாம்! 164 வாக்குமூலங்களை வரி வரியாகத் திருத்துகிறவன் சோம்பேறியா? தொழிலாளர்களை ஆயுள் தண்டனைக்கு அனுப்ப டஜன் கணக்கில் ஒரே வாக்கியத்தை எழுத வைத்தவன் வேலை தெரியாதவனா? நல்ல சுறுசுறுப்பு, நல்ல கட்டுப்பாடு. தொழிலாளியைக் கொன்றவனைக் கண்டுபிடிக்கும்போதுதான் போலீசுக்குக் கை மந்தம்.

ஆர்கிரீவ் பற்றி விசாரிக்க வேண்டும் என்று அந்தத் தொழிலாளர்களும் அவர்களுடைய மனைவிமார்களும் விடாமல் இயக்கம் நடத்தினார்கள். 2016-ல் உள்நாட்டு மந்திரி ஆம்பர் ரட் மறுத்தார். அவர்கள் ஓயவில்லை. 2025 ஜூலையில்தான், தொழிற்கட்சி சர்க்கார், ஷெபீல்டு பிஷப் தலைமையில், சாட்சிகளைக் கட்டாயப்படுத்தி அழைக்கும் அதிகாரத்தோடு விசாரணை வைப்பதாக அறிவித்தது. நாற்பத்தோரு வருஷம்! அன்று குதிரைக் குளம்புக்கு முன்னால் ஓடிய இருபது வயதுக்காரனுக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது.

அதே ஆண்டு நவம்பரில் ‘லைன் ஆஃப் டூட்டி’யின் ஏழாவது தொடர் வரப் போவதாகவும் பி.பி.சி. அறிவித்தது. பத்திரிகைகள் குதூகலித்தன. இனி யார் அந்த ஆள், யார் அந்த ஆள் என்று மறுபடியும் பந்தயம் கட்டுவார்கள். பிஷப்பின் விசாரணையில் போலீஸ் எந்தெந்தக் காகிதங்களைக் கொண்டுவந்து வைக்கும், எவற்றைக் காணோம் என்று சொல்லும் என்று பந்தயம் கட்ட அந்தக் கம்பெனிகள் தயாரா?