பாதாளக் கரண்டியும் ஏரோப்ளேனும்

காரைக்குடிப் பக்கம் கிணற்றில் வாளி விழுந்தால் யாரும் பதறுவதில்லை. "ஆச்சி, பாதாளக் கரண்டி இருக்கா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். "இருக்கு. ஒரு செம்பை வச்சுட்டு எடுத்துட்டுப் போ" என்று பதில் வரும். (அடமானம் இல்லாமல் வியாபாரம் ஏது?)

கொத்தாகக் கொக்கிகள் தொங்கும் அந்தச் சாமானைக் கயிற்றில் கட்டித் துழாவினால், நேற்று விழுந்த வாளியோடு பத்து வருஷத்துக்கு முந்தைய குடமும் சேர்ந்து வரும். யார் வீட்டுக் குடம் என்று சண்டையே வராது. விளிம்பைத் தேய்த்தால் போதும். செட்டியார் வீட்டுப் பாத்திரத்தில் விலாசம் வெட்டியிருக்கும்.

தண்ணீரில் மூழ்கிய போர் விமானத்துக்கும் இதே கதைதான். தேடணும், தேய்க்கணும், நம்பரைப் படிக்கணும்.

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் இரண்டாம் உலகப்போர் சமயம் கடற்படைப் பையன்களுக்கு ட்ரெய்னிங் நடந்தது. இரண்டு பழைய பயணிகள் கப்பல்களின் மேல் தளம் போட்டு, "இதில் இறங்குடா" என்றார்கள். நூறு விமானங்களுக்கு மேல் தண்ணீரில் இறங்கின! 1994-ல் அதில் ஒரு டான்ட்லெஸ் விமானத்தைத் தூக்கினார்கள். நம்பர் 2106. பதிவேட்டைப் புரட்டியவர்களுக்கு ஷாக். 1942 ஜூனில் மிட்வே போரில் 200-க்கு மேல் ஓட்டைகளோடு திரும்பி வந்த வீரன் அது! போரில் பிழைத்து, 1943-ல் ட்ரெய்னிங்கில் மூழ்கியிருக்கிறது. முப்பது வருஷம் ஆபீஸைக் கட்டிக்காத்த ஹெட்கிளார்க்கை, நேற்று சேர்ந்த பையன் கவிழ்த்த மாதிரி.

ஏரித் தண்ணீர் நல்ல தண்ணீர், அதனால் பிழைத்தது. கடல் உப்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். 1940-ல் இங்கிலாந்துக் கரையோரம் விழுந்த ஜெர்மன் டோர்னியர் குண்டுவீச்சு விமானத்தை 2013-ல்தான் மேலே எடுத்தார்கள். எடுத்த கையோடு சிட்ரிக் அமிலம் கலந்த தண்ணீரை மாதக்கணக்கில் தெளித்தார்கள். எலுமிச்சம்பழத்தில் இருக்கிறதே, அதே சமாச்சாரம். புளி போட்டுப் பித்தளை தேய்க்கிற நம் ஆச்சிகள், "இதுக்கா இவ்வளவு பெரிய படிப்பு?" என்பார்கள்.

இதெல்லாம் மியூசியத்துக்குப் போகிற விமானங்கள். சிரித்துக்கொண்டே படிக்கலாம். நம் வங்காள விரிகுடாவில் விழுந்தது அப்படி இல்லை.

2016 ஜூலை 22. தாம்பரத்திலிருந்து காலையில் போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32, ரேடாரிலிருந்து மறைந்தது. உள்ளே 29 பேர். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் சலித்தன. ஒரு துண்டு கிடைக்கவில்லை. செப்டம்பரில் 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாக வீடுகளுக்குத் தகவல் போனது.

'கருதப்படுகிறார்கள்.' கவனித்தீர்களா அந்த வார்த்தையை? ஃபைலுக்குப் போதும் சார். வீட்டுக்குப் போதுமா? உடலும் இல்லை, ஒரு தகரத் துண்டும் இல்லை என்றால், போட்டோவுக்கு மாலை போடக் கை வருமா? ராத்திரி கதவு தட்டுகிற சத்தம் கேட்டால், அவனாக இருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளாதா?

ஏழரை வருஷம் போயிற்று. 2024 ஜனவரியில் சென்னை பள்ளிக்கரணையிலிருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எந்திரம், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதறிய பாகங்களைப் படம் பிடித்ததாகச் செய்தி வந்தது. அந்த ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 340 கிலோ அழுத்தம். ஆள் இறங்கிக் கொக்கி மாட்டுகிற இடமா அது? சத்தத்தை அனுப்பி, எதிரொலியை வாங்கிப் படம் போடுகிற சோனார்தான் துழாவியது.

சரி, அந்த விமானம்தான் என்று எப்படித் தெரியும்? பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது இரண்டு. படங்கள் ஏஎன்-32-வோடு ஒத்துப்போகின்றன. அந்தப் பகுதியில் வேறு விமானம் எதுவும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை. ஆகவே அதுவாகத்தான் இருக்கலாம் என்றார்கள். இரண்டாவது காரணத்தைப் பாருங்கள். எங்கோ ஒரு குமாஸ்தா ஒழுங்காக ரிஜிஸ்டர் எழுதி வைத்திருந்ததால் வந்த விடை அது!

பைலட் தைரியசாலி, விஞ்ஞானி கெட்டிக்காரர். சரிதான். ஆனால் தினமும் ஆபீஸில் உட்கார்ந்து, "யார் பார்க்கப்போறா?" என்று கொட்டாவி விட்டபடி நம்பர் எழுதுகிறீர்களே தம்பி, அதையும் ஒருநாள் யாரோ பார்ப்பார்கள். 29 வீடுகளில் காத்துக்கிடந்தவர்கள் மாதிரி.

நம்பரைச் சரியாக எழுதுங்கள்.