பஞ்சர் சொல்யூஷனும் நம் கல்லாப்பெட்டியும்



முதலியார்பேட்டையில் உள்ள என் கடையில் மளிகையோடு சைக்கிள் சாமான்களும் கொஞ்சம் வைத்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு மாலை, பதினான்கு வயதிருக்கும் ஒரு பையன் வந்து, "அண்ணே, பஞ்சர் சொல்யூஷன் நாலு டியூப் கொடுங்க" என்றான். "நாலு எதுக்குப்பா? சைக்கிள் எங்கே?" என்றேன். பதில் சொல்லாமல் நழுவிவிட்டான். அதற்கு முன் மூன்று நாளும் வந்து வாங்கினான் என்று கடைப்பையன் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த மூன்று நாள் காசும் என் கல்லாவில்தான் விழுந்திருக்கிறது.

சொல்யூஷனிலும் தின்னரிலும் டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. துணியில் நனைத்தோ பையில் ஊற்றியோ முகர்ந்தால், அந்த ஆவி நுரையீரல் வழியாகச் சில நொடிகளில் ரத்தத்தில் கலந்து மூளைக்கு ஏறுகிறது. பையை மூக்கோடு அழுத்திப் பிடிப்பதால் பிராணவாயு குறைந்து மூச்சுத் திணறுகிறது. மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். இதயத் துடிப்பு தாறுமாறாகி, முதல் தடவையிலேயே உயிர் போனவர்களும் உண்டு.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். மது, கஞ்சா எல்லாவற்றிலும் பெரியவர்களே அதிகம். முகரும் போதையில் மட்டும் சிறுவர்கள் 1.17 சதவீதம், பெரியவர்கள் 0.58 சதவீதம். காரணம் என்ன? இதை வாங்கக் கள்ளச்சந்தைக்குப் போக வேண்டாம். நம் கடைக்கு வந்தால் போதும்.

கஞ்சாவை நாம் விற்பதில்லை, சரி. ஆனால் சனி, ஞாயிறு கூட்டத்தை நம்பி ரோலிங் பேப்பரைச் சரம் சரமாகத் தொங்கவிடுகிறோமே, அது எதற்கு? கஞ்சாப் புகையை ஆழமாக இழுத்து நெஞ்சில் நிறுத்துவதால், சிகரெட்டைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஏறுகிறது என்று 1988-லேயே அமெரிக்க மருத்துவர்கள் அளந்து சொல்லிவிட்டார்கள்.

"நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்குவான்" என்பார்கள். உண்மைதான். நானும் அப்படிச் சொன்னவன்தான். அதனால்தான் தனிக் கடைக்காரர் மட்டும் நிறுத்திப் பயனில்லை என்கிறேன். சிறுவர்களுக்குச் சொல்யூஷன், தின்னர் கொடுப்பதில்லை. பஞ்சர் கடைக்காரருக்கும் பெயிண்டருக்கும் மட்டும் கேட்டுக் கொடுப்பது. ரோலிங் பேப்பரை இறக்கிவிடுவது. அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெரிய மார்க்கெட் மொத்த வியாபாரிகளும் வந்து கருத்துச் சொல்ல வேண்டும். அந்தப் பையன் அதற்குப் பிறகு என் கடைப்பக்கம் வரவில்லை. வேறு எந்தக் கடையில் வாங்குகிறானோ, தெரியவில்லை.