வாவலும் தேரையும்

உருவத்தைக் கண்டும் ஊரார் சொல்லைக் கேட்டும் நாம் வெறுக்கும் உயிர்கள் பல உள. பழந்தின்னி வாவலும் தேரையும் அத்தகையன. முன்னது குட்டி ஈன்று பாலூட்டுவது. பின்னது நீரில் முட்டையிடுவது. ஆயினும், இரவில் உழைப்பதிலும் வீண்பழி ஏற்பதிலும் இரண்டும் ஒத்தனவே.

தேங்காயை உடைக்கையில் உள்ளே பருப்பு இல்லையேல், "தேரை மோந்த காய்" என்பர். தேரையோ தென்னையின் உச்சிக்கு ஏறும் உயிர் அன்று. மகரந்தச் சேர்க்கைக் குறைவும் உரக் குறைவுமே அதற்குக் காரணங்கள். குழந்தை மெலிந்தால், "தேரை விழுந்தது" என்று மந்திரிப்பாரும் உளர். ஊட்டக் குறைவையோ நோயையோ ஆராய்ந்து மருத்துவரை நாடவேண்டிய வேளையில் தேரையைப் பழித்தால் குழந்தைக்கன்றோ கேடு? வண்டையும் கறையானையும் உண்டு உழவர்க்கு உதவும் உயிர் தேரை. அதன் கண்களின் பின்னுள்ள சுரப்பிகளில் நஞ்சு உண்டு என்பது மெய்யே. ஆனால், அது தன்னைக் கவ்வும் பகையினின்று காத்துக்கொள்ளவே அமைந்தது.

வாவல் தோட்டத்துப் பழங்களைத் தின்னும் என்பதும் மெய்யே. அதனால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தீங்குயிர்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால், நான்கடி அகலச் சிறகை விரித்து நெடுந்தொலைவு பறக்கும் அவ்வுயிர், தான் தின்ற கனிகளின் விதைகளைப் பல இடங்களிலும் தூவுகின்றது. இலுப்பைப் பூவை நாடி மகரந்தமும் பரப்புகின்றது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைக் காக்கத்தக்க உயிர்களுள் ஒன்றாக்கியது. இவ்வாவல்கள் நிபா நச்சுயிரைத் தாங்குவன. 2018-இல் கேரளத்தில் அந்நோயால் பலர் இறந்தனர். ஆதலின் வாவல் கடித்த கனியை உண்ணலாகாது. அதனைத் தொடவும் ஆகாது. விலகி நிற்பது அறிவுடைமை. கல்லெறிந்து கொல்வது கொடுமை.

இவ்விரண்டனுள் எது உயர்ந்தது என வினவுதல் பயனற்றது. எதனை எவ்வாறு காப்பது என்பதே வினவத்தக்கது. வாவல் ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனும். கொன்ற ஒன்றின் இழப்பு எளிதில் ஈடாகாது. தேரையோ ஒருமுறையில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். எனினும் குட்டை தூர்ந்தால் அத்தனையும் வீண். எனவே, வாவல் தங்கும் ஆலமரத்தை வெட்டாதிருத்தலும், தேரை முட்டையிடும் நீர்நிலையைத் தூர்க்காதிருத்தலும் நம் கடன். மரமும் நீரும் அவற்றிற்கு மட்டுமோ உரியன? நமக்கும் அவையே வாழ்வு.